மட்கார்டுக்கு முளைத்த சிறகு

அந்த எண்ணம் எனக்குள் புகுந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்... பெட்ரோல் பம்பில்.

டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலை. பக்கத்தில் ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது — ஒரு பெருமூச்சு. நிமிர்ந்தால், என் மூக்குக்கு நேரே... சிறகு!

சிங்கப்பூரிலிருந்து யாரோ ரப்பர் வியாபாரி வந்திருக்கிறார். அமெரிக்கக் கார். வானத்து நீலம். முன்பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மட்கார்டு மேலே எழும்பி, கத்தி மாதிரிச் சரிந்து, நுனியில் சிவப்பு விளக்கோடு முடிந்திருந்தது. நிற்கிற கார்தான். ஆனால் ஓடுவதுபோல நின்றது!

அது கிளம்பிப் போன பிறகும் காற்றுக்குழாயைப் பிடித்தபடியே நின்றிருக்கிறேன். பம்ப்காரர் கத்தினார்:

"ஓய்! போதும்யா, டயர் வெடிச்சிடும்!"

வெடித்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு டயரோடு போயிருக்கும்.

எங்கள் காரை, பத்திரிகையில் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். கார்புரேட்டரைப் பிரித்து மாட்டியதில் ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிப்போன கதையை நாலு மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தேன். அந்த ஸ்க்ரூ இன்னும் என் மேசை டிராயரில்தான் இருக்கிறது. கார் ஓடுகிறது. விளக்கம் கேட்காதீர்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலீஷ்காரன் செய்த சின்னக் கார். சாம்பல் நிறம். ஆமை மாதிரி முதுகு. எங்களிடம் வருவதற்கு முன்பே மூன்று கை மாறியது. நாற்பது மைலைத் தாண்டினால் கதவுகள் நடுங்கும். நாற்பத்தைந்தில் நான் நடுங்குவேன்.

வாங்கியது நான் இல்லை. என் அக்கா சரோஜா. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அப்பாவும் அம்மாவும் ஜாசின் பக்கம் எஸ்டேட்டில் இருக்கிறார்கள். நானும் அக்காவும் இங்கே காஜா பெராங்கில் வாடகை வீட்டில். என்னை சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படிக்கவைத்து, ஓர் ஆபீஸ் நாற்காலியில் உட்காரவைத்தவளும் அவள்தான். காரின் பதிவுப் புத்தகத்தில் அவள் பெயர். ஆனால் வீட்டில் அதை 'உன் காரு' என்றுதான் சொல்வாள்.

"உன் காருக்கு எண்ணெய் ஊத்துனியா?"

"உன் காரு இன்னிக்கும் இருமுது. மருந்து குடு."

ஓட்டுகிற லைசென்ஸ் என்னிடம் மட்டும். அக்காவுக்கு எல் போர்டு. மூன்று மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்து வந்தேன்.

அவளுக்கு லைசென்ஸ் எதற்கு? இதைச் சொல்லாவிட்டால் மீதி எல்லாம் வெறும் தகரக் கதை ஆகிவிடும்.

குருபோங்குக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி. ஒரே கட்டடம், ஒரே கரும்பலகை — முன்பக்கம் மூன்றாம் வகுப்புக்கு, பின்பக்கம் நான்காம் வகுப்புக்கு. தலைமையாசிரியர் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடத்துக்கு அக்காவின் பெயர் முதலில் இருந்தது. பெண் தலைமையாசிரியை! நம் வட்டாரத்தில் அப்படி எத்தனை பேரைச் சொல்வீர்கள்? எனக்கு ஒருவரையும் தெரியாது.

ஆனால் பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஐந்து மைல் செம்மண் பாதை. ஆசிரியர் வீடு பாதிக் கூரை பறந்து கிடக்கிறது. தனியாக ஒரு பெண் அதில் தங்க முடியாது. பள்ளி மேற்பார்வையாளர் மனிதர் நல்லவர்தான். நேராகவே சொல்லிவிட்டார்:

"டீச்சர், டிசம்பருக்குள்ள லைசென்ஸ் எடுத்துக் காட்டுங்க, இடம் உங்களுக்கு. இல்லேன்னா மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிற வாத்தியார் ஒருத்தர் பேரு அடுத்ததா இருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

சோதனைக்கு நாள் கிடைத்தது நவம்பர் கடைசிப் புதன்கிழமை. அதை விட்டால் புது வருடம் பிறந்த பிறகுதான்.

அக்கா ஒரு முறை அந்தப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பெரிய சாலையிலிருந்து தோட்டத்து லோரியில் ஏறிப் போய், அதே லோரியில் திரும்பி... சேலையெல்லாம் செம்மண். மறுநாளே டவுனில் சுவரில் தொங்கவிடும் மலாயாத் தேசப்படம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். சுதந்திரத்துக்குப் பிறகு அச்சடித்த புதுப் படம்.

"அங்க தொங்குறதுல இன்னும் வெள்ளைக்காரன் கொடிதான்டா பறக்குது. மெர்டேக்கா வந்து ரெண்டு வருசம் ஆச்சி, அந்தப் புள்ளைங்களுக்கு யாரும் சொல்லல போல."

படத்தைச் சுருட்டிக் கூடத்து மூலையில் நிறுத்திவைத்தாள். இடம் கிடைப்பதற்கு முன்பே!

ஆக, கார் ஒன்று. அதன்மேல் ஆசை வைத்தவர்கள் இரண்டு பேர். அக்காவுக்கு அதில் ஓர் இடத்துக்குப் போய்ச்சேர வேண்டும். எனக்கு... நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி போக வேண்டும். இது அன்றைக்கு எனக்கு இத்தனை தெளிவாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்த வாரம் நான் வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

பெட்ரோல் பம்பிலிருந்து நேரே ஆ லியோங்கின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஆ லியோங் எங்கள் வட்டாரத்துக் கார்களுக்கெல்லாம் தகரம் தட்டுகிற ஃபோர்மன். ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் சிறகை வரைந்து காட்டினேன். அவர் சிரித்தார். உள்ளே போய், சாக்குப் படுதாவை விலக்கி, ஒரு ஜோடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

தகரத்தில் செய்த சிறகு! சிங்கப்பூர்ச் சரக்கு. நுனியில் சிவப்புக் கண்ணாடி. யாரோ வரவழைத்துவிட்டு, கார் கைமாறிப் போனதால் எடுக்காமல் விட்டிருக்கிறார். மட்கார்டில் ஓட்டை போட்டு, சிறகுக்கு நாலு போல்ட்டு முடுக்கினால் வேலை முடிந்தது.

ஆ லியோங் பேசுவது பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய். நம் வசதிக்குத் தமிழில் தருகிறேன்.

"இதைப் போட்டா காத்து வண்டியைக் கீழ அமுக்கும் தம்பி. வேகமாப் போறப்போ ஆடாது."

"எங்க வண்டி வேகமாவே போகாதே?"

"அப்ப ஆடவே ஆடாது!"

இப்படிப் பதில் சொல்கிறவரிடம் எதைத்தான் வாங்காமல் வரமுடியும்? இன்னொன்றும் சொன்னார்: அடுத்த சனிக்கிழமை வரைதான் வைத்திருப்பாராம். அதற்குள் நான் போகாவிட்டால் மூவாரில் ஒரு டாக்சிக்காரருக்குக் கொடுத்துவிடுவாராம். மூவார் டாக்சியில் என் சிறகா? அந்த நிமிடத்திலேயே அது 'என்' சிறகு ஆகிவிட்டது, கவனியுங்கள்.

ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்கு. ஒரு தாளை இரண்டாக மடித்து 'போடலாம்', 'வேண்டாம்' என்று தலைப்புப் போட்டேன். 'போடலாம்' பக்கத்தில் பதினொரு காரணம். காற்று அமுக்கும் என்பதை இரண்டு விதமாக எழுதியிருந்தேன். 'வேண்டாம்' பக்கத்தில் ஒன்றே ஒன்று: ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கலாம்.

அக்காவின் சோதனை என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அது நினைவுக்கே வரவில்லை.

ஹனிபாவிடம் கேட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன். டவுனில் அவன் அத்தாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். துணி அளக்கிற கோலால் என் தோளில் தட்டிவிட்டுச் சொன்னான்:

"பறக்குற வண்டிக்கு சிறகு வெக்கலாம் மாப்ளே. உன்னோடது மூச்சு வாங்குற வண்டி."

"பாக்க எப்படி இருக்கும்? அதச் சொல்லுடா."

கோலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தான்.

"பாக்க... நல்லாத்தான் இருக்கும்லா. போட்டா மொத ரவுண்டு நான்தான். சொல்லிட்டேன்."

ஆபீஸில் இருவரைக் கேட்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரைக் கேட்டேன். முடிதிருத்தும் கடையில், கத்தி கழுத்தில் இருக்கும்போதுகூடக் கேட்டேன். எல்லாரும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள், ஏனென்றால் நான் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டேன்: பார்க்க எப்படி இருக்கும்?

கடைசியில், வியாழக்கிழமை சாயங்காலம், அக்காவிடம் வந்தேன். வருடக் கடைசிப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பென்சில் நிற்கவில்லை.

"சோதனை முடியட்டும்டா தம்பி. அப்புறம் உன் காருக்குக் கொம்புகூட வெச்சுக்கோ."

"சனிக்கிழமைக்கு மேல இருக்காதுக்கா. மூவார்க்காரன் எடுத்துட்டுப் போயிடுவான்."

"போனா என்ன?"

எனக்கு முகம் தொங்கிவிட்டது போலும். இருபத்திரண்டு வயது ஆள், ஆபீஸ் சட்டை, டை... மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன்! அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சரி, போ. போட்டுக்கோ. ஆனா ஒண்ணு. செவ்வாக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டி வாசல்ல இருக்கணும். சோதனைக்கு முன்ன ஒரு வாட்டி கம்பு நட்டு ரிவர்ஸ் எடுத்துப் பாத்துடணும். எனக்கு அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு."

"அஞ்சு மணிக்கா? நாலே முக்காலுக்கே நிப்பேன்க்கா!"

சனிக்கிழமை போட்டாகிவிட்டது. ஆ லியோங் மட்கார்டில் துளை போட்டபோது எழுந்த சத்தத்தில் பல் கூசியது. அதற்கப்புறம் சாம்பல் பெயிண்ட். கிட்டப்போய்ப் பார்த்தால்தான் ஒட்டுத் தெரியும். சிறகு மட்கார்டுக்கு மேலே ஒரு முழம் எழுந்து, வண்டிக்குப் பின்னால் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் முதலில் பார்க்க வந்தவர் பக்கத்து வீட்டு பீபி. பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழிவந்த சிட்டி சமூகத்துப் பெண்மணி. நெற்றியில் விபூதி இருக்கும். வாயில் மலாய்தான் வரும். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார்.

"அடே... மாச்சாம் ஈக்கான் யூ!"

சுறா மீன் மாதிரி இருக்கிறதாம். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். சுறா வேகமாகப் போகும் அல்லவா?

அக்காவும் வந்து பார்த்தாள். சிவப்புக் கண்ணாடியை ஒரு விரலால் தொட்டாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். பிறகு தாள்களுக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிறு முழுக்க மழை. பெயிண்ட் காயட்டும் என்று நான் வண்டியை எடுக்கவில்லை. திங்களும் மழை.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது.

இதைத்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நாலு மணிக்கே ஆபீஸிலிருந்து கிளம்பினேன். வீட்டுக்குத்தான் கிளம்பினேன், சத்தியமாக. ஆனால் போகிற வழியில் ஹனிபா கடை. அவன் வெளியே ஓடிவந்தான்.

"மொத ரவுண்டு யாருக்குன்னு சொன்னேன்?"

ஒரே ரவுண்டு... பத்து நிமிடம். கடைப் பையன்கள் இருவர் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். கடலோரமாகப் போனோம். பாடாங் திடல் ஓரம் நிறுத்தியபோது கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு! யார் செய்தது, எங்கே கிடைத்தது, காற்று அமுக்குமா... எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். கையைத் தூக்கி, காற்று எப்படி வந்து எப்படி இறங்கும் என்று படம் போட்டுக் காட்டினேன். நாடே புதுச் சட்டை மாட்டிக்கொண்ட காலம் இது. எல்லாருக்கும் எதையாவது புதிதாக ஒட்டிக்கொண்டு நிற்க ஆசை. எனக்கும்தான். ஹனிபா தேநீர் வாங்கிக் கொடுத்தான். பிறகு ஒரு மழை. அது விடும்வரை கடைக் கூரைக்குள் நின்றோம்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

அக்கா வாசலை ஒட்டிய அஞ்சடி நடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். காலில் செருப்பு. மடியில் கைப்பை. ஐந்து மணியிலிருந்து அப்படியே இருந்திருக்கிறாள்.

"வந்துட்டியா? சோறு மூடி வெச்சிருக்கேன்."

"இப்ப எடுத்துப் பாக்கலாமாக்கா?"

"இருட்டிடுச்சிடா. கம்பு எங்க கண்ணுக்குத் தெரியப் போவுது? விடு, பரவால்ல. அதே காருதானே."

"அதே காருதான்க்கா," என்றேன் நான்.

இந்த இரண்டு சொற்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமானால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

புதன்கிழமை காலை. சோதனைத் திடலில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். எட்டு பேர் ஆண்கள். அக்கா வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். சீட்டில் வழக்கம்போல மடித்த போர்வை ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். அவள் உயரம் அப்படி. சோதனை அதிகாரி ஒரு மலாய்க்காரர். கண்ணியமான மனிதர். சிறகைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

நான் வேலி ஓரம் நின்றேன்.

கைச் சைகைகள் எல்லாம் சரி. மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும்; பின்சக்கரத்துக்குப் பின்னால் அதிகாரி ஒரு தீப்பெட்டியை வைத்தார். வண்டி ஓர் அங்குலம் சரிந்தாலும் நசுங்கிவிடும். நசுங்கவில்லை! வேலியோரம் நின்ற ஒரு சீனப் பையன் விசிலே அடித்தான். நான் பெருமையில் இரண்டு அங்குலம் உயர்ந்தேன்.

கடைசியாக ரிவர்ஸ். சிமெண்ட் நிரப்பிய டின்களில் நட்ட கம்புகள். அவற்றுக்கு நடுவே பின்னால் எடுத்துவந்து நிறுத்த வேண்டும்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தாள். வண்டி மெல்ல நகர்ந்தது. நின்றது. தலை உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது... இன்னும் கொஞ்சம் எட்டி. கழுத்து நீண்டது. எதையோ தேடினாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. திருப்பு, இப்போது திருப்பு என்று என் கைகள் தாமாகவே காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பின. அவள் திருப்பவில்லை. அரை அடி வந்தாள். பிறகு திருப்பினாள்.

'டிங்.'

அவ்வளவுதான் சத்தம். சிறகின் நுனி கம்பைத் தொட்டது. கம்பு ஒரு நொடி யோசித்துவிட்டு, டின்னோடு சாய்ந்தது. வண்டி அல்ல... சிறகு. மட்கார்டுக்கும் கம்புக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இடைவெளி இருந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன்.

அதிகாரி இறங்கி வந்தார். கம்பைப் பார்த்தார். சிறகைப் பார்த்தார். அவருக்கும் வருத்தம்தான்.

"சாயாங்லா, சேகு," என்றார். "லாயின் காலி, யா?" ஐயோ பாவம் டீச்சர், அடுத்த தடவை பார்க்கலாமாம்.

அடுத்த தடவை! அடுத்த தடவைக்குள் டிசம்பர் முடிந்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

திரும்பும்போது நான் ஓட்டினேன். அக்கா பாசார் பக்கம் நிறுத்தச் சொன்னாள். மீன் வாங்கினாள். பேரம்கூடப் பேசினாள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள், மீன் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே:

"பின்னால வர்றப்போ கம்போட அடி, மட்கார்டு முதுகுல வந்து உக்காரும்டா. உக்காந்ததும் திருப்பிடுவேன். அதுதான் எனக்குக் கணக்கு. இன்னிக்கு எட்டி எட்டிப் பாக்குறேன், கம்போட அடியையே காணோம். சிறகுதான் தெரிஞ்சிச்சி."

நான் கண்ணாடியைப் பார்த்துப் பின்னால் எடுக்கிறவன். அக்காவின் உயரத்துக்கு அந்தக் கண்ணாடியில் பின்சீட்டின் முதுகுதான் தெரியும். அதனால்தான் அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுகிறாள். மூன்று மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எதைப் பார்த்து நீ திருப்புகிறாய் என்று ஒரு நாள்... ஒரே ஒரு நாள் கேட்டேனா? அவள் தானாகவே ஓர் அடையாளம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதன்மேல் நான் தகரம் அடித்து மூடியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு வந்திருந்தால் ஐந்தே நிமிடத்தில் இது தெரிந்திருக்கும். ஒர்க்‌ஷாப் திறந்துதான் இருந்திருக்கும். போல்ட்டைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

"ஏன்க்கா சொல்லல?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். மறைச்சப்புறம்தானே தெரியுது, எதப் பாத்துக்கிட்டிருந்தோம்னு."

நாம் எதையும் வாங்குமுன் ஊரையெல்லாம் கேட்கிறோம். அழகா? புதுசா? வேறு யாரிடம் இருக்கிறது? கல்யாண மண்டபமானாலும் சரி, சமையலறை அலமாரியானாலும் சரி, கேள்வி இதுதான். அதைத் தினம் புழங்கப் போகிறவர் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறார் என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்டால் என்ன, வாய் வலிக்குமா?

பத்து நாள் கழித்து மேற்பார்வையாளரின் கடிதம் வந்தது. இடம் அந்த மோட்டார் சைக்கிள் வாத்தியாருக்கு. அக்கா படித்தாள், மடித்தாள், பரீட்சைத் தாள் கட்டுக்குள் செருகினாள்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

திட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை. நான் அதற்காகவே இரண்டு நாள் அவள் கண்ணில் படும்படி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். ஆபீஸுக்குப் போகும்போது வேண்டுமென்றே குடையை மறந்துவிட்டுக்கூடப் போய்ப் பார்த்தேன். குடையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கொடுத்தாளே தவிர, அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

இன்றைக்குச் சாயங்காலம் அந்த வாத்தியாரே வந்தார். அக்கா சொல்லியனுப்பியிருக்கிறாள். சங்கோஜமான மனிதர், வாசலிலேயே நின்றார்.

"நான் கேக்கல டீச்சர். அவங்களாத்தான் போட்டாங்க..."

"அட, உள்ள வாங்க சார். உங்க மேல என்ன தப்பு?"

காப்பி கொடுத்தாள். எந்தப் பையன் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறான், எந்தப் பெண் கணக்கில் கெட்டி, மழை நாளில் எந்த மூலை ஒழுகும்... ஒரே ஒரு தடவை போய்வந்த பள்ளியைப் பற்றி அரை மணி நேரம் சொன்னாள். பிறகு கூடத்து மூலையிலிருந்த மலாயாப் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை மோட்டார் சைக்கிளில் குறுக்கே கட்டப் பார்த்தார், முடியவில்லை; நெடுக்கே கட்டிக்கொண்டு போனார். தெருமுனை திரும்பும்வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

அதற்குமேல் தாங்கவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய்க் குந்தினேன். முதல் போல்ட்டு பாதி வந்திருக்கும். பின்னால் குரல்.

"என்னடா பண்றே?"

"கழட்டுறேன்."

"ஏன்?"

"ஏனா? உனக்குத் தெரியாதாக்கா?"

"கழட்டிட்டா எட்டு ஓட்டை இருக்கும்."

"ஆ லியோங் ஈயம் வெச்சி அடைச்சிடுவாரு. இருந்த எடமே தெரியாது."

"ம்... இருந்த எடமே தெரியாது. உனக்கு மனசு லேசாயிடும். எனக்கு?"

ஸ்பானர் கையிலேயே நின்றுவிட்டது. இதுவரை வராத அந்த ஒரு வார்த்தை இதுதான் என்று புரிந்தது. கோபமாகச் சொல்லவில்லை. மீனுக்குப் பேரம் பேசுகிற அதே குரல்.

"முடுக்குடா அத. பிப்ரவரில நாள் குடுத்திருக்காங்க. இதோடயே எடுக்கப் போறேன். இதோட ரிவர்ஸ் எடுக்கத் தெரிஞ்சிட்டா எந்த வண்டியும் எடுப்பேன். அந்த ஸ்கூல் போனா வேற ஸ்கூல் வரும். பஸ்சு போகாத ஸ்கூலுக்கா நம்ம பக்கம் பஞ்சம்?"

"பழைய அடையாளம்தான் மறைஞ்சிடுச்சேக்கா. புதுசா எதப் பாத்துத் திருப்புவே?"

"அதத்தான் கண்டுபிடிக்கணும். நாளைக்குக் காலையில உஜோங் பாசிர் போறோம். கடலோரம் வெட்டவெளியா கெடக்கே, அங்க."

"சரிக்கா. கம்பு ரெண்டு வெட்டிக்கிட்டு வரேன்."

"ஒண்ணு போதும்."

"இன்னொண்ணு?"

அக்கா என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற பார்வை.

"அந்த எடத்துல நீ நில்லு."

அந்தப் போல்ட்டை மறுபடி இறுக்கிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு, வலது சிறகுக்குப் பின்னால், நகராமல் நிற்கப்போகிறேன் — அக்காவின் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு.